காசு என்றால் காது என்று கேட்கிறது: மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமைச்சர் அவர்களுக்கு, வணக்கம்.

குமாரபாளையத்தில் முப்பது ஆண்டுகள் விசைத்தறி ஓட்டியவர் என் தந்தை. தறிக்கூடத்தில் வாய்ப்பேச்சு எடுபடாது, சைகையும் உதட்டசைவும்தான். இப்போது வீட்டிலும் அப்படியே ஆகிவிட்டது. 'காசு' என்றால் 'காது' என்று விளங்கிக்கொள்கிறார். இரைச்சலாலும் முதுமையாலும் உட்செவியில் ஒலியை உணரும் மயிரணுக்கள் அழியும்போது கூர்மையான ஒலிகளே முதலில் போய்விடுவதால், குரல் கேட்கிறது, சொல் பிடிபடுவதில்லை. அழிந்த அணுக்கள் மறுபடி முளைப்பதுமில்லை.

ஆடியோகிராமில், அதாவது செவித்திறன் சோதனை வரைபடத்தில், அவருக்கு இரு காதிலும் 52 டெசிபல் (ஒலி அளவின் அலகு) இழப்பு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ 60 டெசிபலிலிருந்துதான் செவித்திறன் குறைந்தவர் என ஏற்கிறது. நன்றாகக் கேட்கும் காதிலேயே 35 டெசிபலுக்கு மேல் இழப்புள்ளவர்களுக்கு மறுவாழ்வு உதவி தேவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. உலகெங்கும் அப்படி 43 கோடிப் பேர். சட்டம் மத்திய அரசுடையது என்பதை அறிவேன். ஆயினும் மாற்றுத்திறனாளி சான்றிதழைக் கேளாமல் ஆடியோகிராமை மட்டும் பார்த்துக் காது கேட்கும் கருவி வழங்கும் திட்டத்தை மாநில அரசே வகுக்கலாம். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டில் காக்ளியர் இம்பிளான்ட் (உட்செவியில் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை) செய்யும் அரசுக்கு இது பெரிய காரியமன்று.

கருவி கொடுத்தால் மட்டும் போதாது என்பதையும் பட்டே அறிந்தோம். கைக்காசு போட்டு ஒரு கடையில் வாங்கிய காது மெஷினுக்கு, அவர்கள் காதின் அச்சு எடுக்காமல் பொதுவான ரப்பர் முனையை மாட்டி அனுப்பினார்கள்; சோறு மெல்லும்போதெல்லாம் ஒலி கசிந்து விசில் அடித்தது. பொத்தான் பேட்டரி, ஒட்டுத்தாளை உரித்ததுமே காற்றுப் பட்டுத் தீரத் தொடங்கும் என்று ஒருவரும் சொல்லாததால், அம்மா ஆறையும் ஒரே நாளில் உரித்து வைத்துவிட்டார். மூன்றாம் வாரம் மெஷின் பீரோவுக்குள் போனது.

ஆகவே, வட்ட மருத்துவமனைதோறும் வாரத்தில் ஒரு நாளாவது ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் வல்லுநர்) இருந்து, அச்சு எடுக்கவும், கருவியின் அளவைத் திருத்தவும், பேட்டரி தரவும் ஏற்பாடு வேண்டும். மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்க வீடு தேடி வரும் ஊழியர், முதியவரின் முதுகுப்புறம் நின்று மெல்லிய குரலில் நான்கு சொற்கள் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொன்னாலே செவிக்குறை இருக்கலாம் என்பது தெரிந்துவிடும். விசைத்தறி ஊர்களிலிருந்து இதைத் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தறிக்காரர் ஒருவரின் மகள்