ஸ்பிரிங் ஏர் ரைஃபிளுக்குப் பொருந்தும் என்று விற்ற பகல்-இரவு டிஜிட்டல் ஸ்கோப் பற்றிய புகார்

அனுப்புநர்:
கருவிகள் பொறுப்பாளர்,
ஏர் ரைஃபிள் பயிற்சிக் குழு,
காரைக்குடி, சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்:
குறைதீர் அலுவலர்,
ஆன்லைன் விற்பனைப் பிரிவு.

பொருள்: பகல்-இரவு டிஜிட்டல் ரைஃபிள் ஸ்கோப்பில் (50 மி.மீ. முகப்பு லென்ஸ், '4கே') உள்ள குறைபாடுகளும் தவறான விளம்பரமும்; பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா / அம்மா,

உங்கள் தளத்தில் ரூ. 46,800 கொடுத்து வாங்கிய ஸ்கோப் குறித்து இதை எழுதுகிறோம். உங்கள் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு நாங்கள் முன்பு அனுப்பிய புகாருக்கு "மவுண்ட் (ஸ்கோப்பை ரைஃபிளோடு பிணைக்கும் பிடிப்பு) சரியாக இறுக்கப்படவில்லை" என்று ஒரே வரியில் பதில் சொல்லி அதை முடித்துவிட்டது. அந்தப் பதில் ஏன் பொருந்தாது என்பதையும், இந்த ஸ்கோப்பில் எது எங்கே கெட்டிருக்கிறது என்பதையும் அளந்து பார்த்த கணக்கோடு தருகிறோம். விலைப்பட்டியல் நகல், நீங்கள் அனுப்பிய பதில், சோதனைப் படங்கள் மூன்றும் இதோடு வருகின்றன.

பயன்பாடு இதுதான். 4.5 மி.மீ. குழல், 20 ஜூலுக்குள் அடங்கிய ஸ்பிரிங் பிஸ்டன் ஏர் ரைஃபிள். 10 மீட்டரிலும் 25 மீட்டரிலும் காகித இலக்கு. செட்டிநாட்டுச் செம்பொறைத் தரை பங்குனி பிறந்துவிட்டால் காலை பத்து மணிக்கே கானல் கிளப்பும்; எட்டு மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் இலக்கு தண்ணீருக்குள் கிடப்பது போல ஆடும். அதனால் பயிற்சி மாலை ஐந்தில் தொடங்கி இரவு எட்டு வரை போகும். முதல் ஒரு மணி நேரம் பகல் வெளிச்சம், அதன் பின் இருட்டு. ஒரே அமர்வில், ஒரே ஜீரோவில் (குறி வைத்த இடத்திலேயே குண்டு விழும்படி ஸ்கோப்பைச் சரிசெய்து வைத்த நிலை), பகல் முறையிலிருந்து இரவு முறைக்கு மாறிச் சுட வேண்டும். இலக்கின் மேல் விளக்கைப் போட்டுக்கொண்டு சாதாரணக் கண்ணாடி ஸ்கோப்பிலேயே சுடலாம்தான். ஆனால் மழை பெய்து ஓய்ந்த மாலையில் அந்த விளக்கைச் சுற்றி ஈசல் மொய்த்து இலக்கையே மூடிவிடும். டிஜிட்டல் ஸ்கோப்பைத் தேர்ந்தெடுத்த காரணம் இது ஒன்றே. பகலில் வைத்த ஜீரோ இரவிலும் நிற்க வேண்டும். உங்கள் ஸ்கோப்பில் அது நிற்கவில்லை.

பகல் முறையில் பயன்படும் கண்ணுக்குத் தெரியும் ஒளியும், இரவு முறையில் பயன்படும் அகச்சிவப்பு ஒளியும் ஒரே லென்ஸில் ஒரே இடத்தில் குவிவதில்லை. ஆகவே இரவு முறைக்கு மாறியதும் முன்பக்க ஃபோகஸ் வளையத்தைக் கொஞ்சம் திருப்பித்தான் ஆக வேண்டும். அது லென்ஸின் இயல்பு. அதைக் குறையாகச் சொல்லவில்லை. வளையத்தைத் திருப்பும்போது லென்ஸ் முன்னும் பின்னும் மட்டுமே நகர வேண்டும். இதில் பக்கவாட்டிலும் நகர்கிறது. மரையில் ஆட்டம் இருக்கிறது.

இதைச் சோதிக்கத் துப்பாக்கியே தேவையில்லை, நாங்களும் பயன்படுத்தவில்லை. ஸ்கோப்பைக் கழற்றி, ரப்பர் வைத்து இரும்பு வைஸில் (பட்டறை இடுக்கியில்) பிடித்து, 25 மீட்டரில் மில்லிமீட்டர் கட்டம் போட்ட தாளை நிறுத்தினோம். குறிக்கோட்டை (ஸ்கோப்பில் குறி பார்க்கத் தெரியும் குறுக்குக்கோடு) நடுப்புள்ளியில் வைத்துவிட்டு, வளையத்தைப் பகல் நிலையிலிருந்து இரவு நிலைக்குத் திருப்பி, எதிர்த் திசையில் திரும்பக் கொண்டுவந்து பார்த்தோம். பத்து முறையும் குறி 26 முதல் 33 மி.மீ. வரை விலகி நின்றது. எப்போதும் கடிகாரத் திசையிலேயே திருப்பி நிறுத்தினால் விலகல் 11 மி.மீ. ஆகக் குறைகிறது, ஆனால் போய்விடுவதில்லை. திசையை மாற்றினால் விலகல் இவ்வளவு மாறுகிறது என்பதே ஆட்டம் மரையில் இருப்பதற்குச் சான்று. 25 மீட்டரில் 30 மி.மீ. என்பது, 50 மி.மீ. குவியத் தூரமுள்ள லென்ஸ் வெறும் 0.06 மி.மீ. நகர்ந்ததற்குச் சமம், ஒரு தலைமுடியின் பருமன். அந்த ஒரு முடிப் பருமன் போதும், 20 மி.மீ. வட்டத்துக்குள் விழுந்துகொண்டிருந்த பெல்லட்கள் (ஏர் ரைஃபிளின் சிறு குண்டுகள்) எல்லாம் வட்டத்துக்கு வெளியே போக. வைஸில் பிடித்த ஸ்கோப்பில் மவுண்டும் இல்லை, சுட்ட அதிர்ச்சியும் இல்லை. எனவே மவுண்டைக் காரணம் காட்டும் உங்கள் பதிலை நாங்கள் ஏற்கவில்லை.

பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என இரண்டு ஜீரோக்களைத் தனித்தனியாகச் சேமித்து வைக்க முடிந்திருந்தால், ஒரே திசையில் திருப்பும் ஒழுங்கோடு ஓரளவு சமாளித்திருக்கலாம். 'பல ப்ரொஃபைல் வசதி' என்று விளம்பரத்தில் இருக்கிறது. மெனுவில் ப்ரொஃபைலை மாற்றினால் குறிக்கோட்டின் வடிவமும் நிறமும் மட்டுமே மாறுகின்றன, ஜீரோ ஒன்றுதான்.

அடுத்தது அதிர்ச்சி. விளம்பரத்தில் 'எல்லாத் துப்பாக்கிகளின் அதிர்ச்சியையும் தாங்கும். ஸ்பிரிங் ஏர் ரைஃபிளுக்கும் ஏற்றது' என்று எழுதியிருக்கிறீர்கள். வெடிமருந்துத் துப்பாக்கி பின்னால் உதைக்கும், அத்தோடு சரி. ஸ்பிரிங் பிஸ்டன் அப்படியல்ல. பிஸ்டன் முன்னே பாயும்போது ரைஃபிள் பின்னே போகிறது. பிஸ்டன் சிலிண்டரின் முனையில் போய் நிற்கும் நொடியில் ரைஃபிள் முன்னால் வெட்டி இழுக்கப்படுகிறது. சத்தம் சின்னது, ஆனால் இந்த முன்வெட்டுதான் ஸ்கோப்பைக் கொல்லும். ஏர் ரைஃபிளைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களே "ஏர்கன்தானே" என்று இதை லேசாக எடுத்துக்கொள்வார்கள்.

50 பெல்லட் சுட்டதில் 7 முறை திரை அணைந்து, ஸ்கோப் தானாக மறுபடி கிளம்பியது. ஒவ்வொரு முறையும் 9 விநாடி போயிற்று. காரணம் பேட்டரி அறையில் இருக்கிறது. 18650 செல் குழலுக்கு இணையாகப் படுத்திருக்கிறது, அதைத் தாங்கும் ஸ்பிரிங் பின்பக்கம். ரைஃபிள் முன்னால் வெட்டும்போது ஏறத்தாழ 45 கிராம் எடையுள்ள செல் பின்தங்கி ஸ்பிரிங்கை அமுக்குகிறது, முன்முனையில் தொடுப்பு ஒரு கணம் விட்டுப்போகிறது, மின்சாரம் அறுகிறது. ஸ்பிரிங்குக்குப் பின்னால் 1.5 மி.மீ. பித்தளை வாஷர் ஒன்றை வைத்து இறுக்கத்தைக் கூட்டிப் பார்த்தோம். மறுபடி 50 பெல்லட் சுட்டதில் ஒரே ஒரு முறைதான் அணைந்தது. கொஞ்சம் கடினமான ஸ்பிரிங்கும், மின்சாரம் அறும் அந்தச் சில மில்லிவிநாடியைத் தாங்கும் ஒரு மின்தேக்கியும் இருந்தால் தீர்ந்துபோகும் குறை இது. இந்த விலைக்கு அந்த இரண்டும் உள்ளே இருந்திருக்க வேண்டும். வாஷர் வைத்து ஓட்டிக்கொள்வது வாங்கியவரின் வேலையல்ல.

மவுண்ட் பற்றி நீங்களே பேச்செடுத்ததால் அதையும் சொல்லிவிடுகிறோம். நம் நாட்டில் புழங்கும் ஏர் ரைஃபிள்களில் பெரும்பாலானவற்றின் மேல் இருப்பது 11 மி.மீ. டவ்டெயில் பள்ளம். பெட்டியில் நீங்கள் வைத்திருப்பதோ அகலமான பிக்கட்டினி ரெயிலுக்கான மவுண்ட். 'எல்லா ரைஃபிளுக்கும் பொருந்தும்' என்ற வரிக்கு இதில் இடமில்லை. தனியாக அடாப்டர் வாங்கினால் ஸ்கோப் இன்னும் உயர்கிறது, கன்னம் ரைஃபிளின் கட்டையில் பதியாமல் தலை மிதக்கிறது. 900 கிராம் எடையுள்ள ஸ்கோப்பை அந்த முன்வெட்டு பள்ளத்தில் வழுக்க வைத்துவிடும்; அதைத் தடுக்க, ரிசீவரின் (ரைஃபிளின் உடற்பகுதி) மேல் உள்ள துளையில் இறங்கும் நிறுத்து ஊசி (ஸ்டாப் பின்) கட்டாயம் வேண்டும். எங்கள் அடாப்டரில் அந்த ஊசி இருக்கிறது. பள்ளத்தில் பென்சில் கோடு போட்டு, 100 பெல்லட்டுக்குப் பிறகு பார்த்தோம், கோடு நகரவில்லை.

ஜீரோ செய்யும் முறையிலும் விளம்பரம் பொய் சொல்கிறது. குறிக்கோட்டை ஒரு படி நகர்த்தினால் 100 மீட்டரில் 4.6 மி.மீ. நகரும் என்கிறீர்கள். 25 மீட்டரில் 20 படி நகர்த்தினோம். குறி 86 மி.மீ. நகர்ந்தது. படிக்கு 4.3 மி.மீ.; 100 மீட்டருக்குக் கணக்கிட்டால் ஏறக்குறைய 17 மி.மீ. அதாவது 25 மீட்டரில் ஒரு படி கிட்டத்தட்ட ஒரு பெல்லட்டின் குறுக்களவு. அதைவிட நுணுக்கமாகத் திருத்தவே வழியில்லை. 17-ஐ 4.6-ஆல் வகுத்தால் சுமார் 3.7 வருகிறது. சென்சாரின் அகலம் 3840 புள்ளி (பிக்சல்), திரையின் அகலம் 1024 புள்ளி. அதை வகுத்தாலும் 3.75. ஆக, சென்சார் புள்ளிக் கணக்கில் விளம்பரம் செய்துவிட்டு, குறிக்கோட்டைத் திரைப்புள்ளிக் கணக்கில் நகர்த்துகிறீர்கள். மென்பொருளைத் திருத்தினால் சரியாகிவிடக்கூடியது என்பதால்தான் இதை இவ்வளவு விரித்து எழுதுகிறோம். உங்கள் பொறியாளரிடம் இந்தப் பத்தியை மட்டுமாவது காட்டுங்கள்.

'16 மடங்கு தெளிவு' என்பதும் நிற்காது. லென்ஸ் தருவது 2 மடங்கு. டிஜிட்டலாக 4 மடங்கு கூட்டி மொத்தம் 8 ஆகும் வரை சென்சாரின் 960 புள்ளி 1024 புள்ளித் திரைக்குப் போகிறது. அதுவரை படம் உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. அதற்கு மேலே 480 புள்ளியை இழுத்து நீட்டுகிறீர்கள். பெல்லட் ஓட்டையின் விளிம்பு படிக்கட்டாகத் தெரிகிறது.

நல்லதையும் சொல்ல வேண்டும். பகல் நிறம் இயல்பாக இருக்கிறது. குறிக்கோடு திரையிலேயே வரையப்படுவதால், கண் சற்று விலகினாலும் குறி மாறுவதில்லை. 10 மீட்டரில் சுடுகிறவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் இந்த லென்ஸ் 18 மீட்டருக்குக் குறைவான தூரத்தில் தெளிவாகக் குவிவதே இல்லை. குறைந்தபட்ச ஃபோகஸ் தூரத்தை உங்கள் தளத்தில் எங்கும் போடவில்லை. ஏர் ரைஃபிளுக்கு ஸ்கோப் தேர்ந்தெடுப்பவர் முதலில் தேடும் எண்ணே அதுதான்.

இன்னொன்று. பெட்டியில் ஐந்து இலக்குத் தாள்கள் இருந்தன. இரவில் ஜீரோ செய்ய இவற்றைப் பயன்படுத்துங்கள் என்று கையேடு சொல்கிறது. உங்கள் 850 நானோமீட்டர் ஐ.ஆர். (அகச்சிவப்பு) டார்ச்சைப் போட்டதும் அந்தத் தாள்களின் கறுப்பு வட்டம் மறைந்து, தாள் முழுக்க வெள்ளையாகத் தெரிகிறது. அந்தக் கறுப்பு சாய மை. சாய மை அகச்சிவப்பை விழுங்காது, தாளின் வெள்ளையே திரும்பி வரும். அதே வட்டத்தை லேசர் பிரிண்டரில் எடுத்துப் பார்த்தோம், கரி கலந்த டோனர் ஆதலால் கன்னங்கரேல் என்று தெரிந்தது. அடுப்புக்கரியைக் குழைத்துப் பூசிய வட்டம்கூடத் தெளிவாகத் தெரிந்தது. அப்படியானால் இந்தத் தாளை உங்கள் டார்ச்சின் முன் ஒரு முறையாவது வைத்துப் பார்த்தவர் உங்களிடம் யாருமில்லை.

பேட்டரி 10 மணி நேரம் என்பது டார்ச் அணைந்திருந்தால்கூட வரவில்லை. 8 மணி 40 நிமிடம். டார்ச்சை முழு ஒளியில் வைத்தால் 3 மணி 5 நிமிடம். இரண்டு நிலைக்கும் தனித்தனி எண் போடுவதுதான் முறை.

விளம்பரப் படத்தைப் பற்றியும் எழுதாமல் இருக்க முடியவில்லை. குறிக்கோட்டின் நடுவில் புள்ளிமான் நிற்கும் படத்தை நம் நாட்டு வாடிக்கையாளருக்கான பக்கத்தில் போட்டிருக்கிறீர்கள். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மானைச் சுடுவது குற்றம். இந்த மாவட்டத்தில் வேட்டங்குடிப்பட்டி, கொள்ளுக்குடிப்பட்டி கண்மாய்களில் வந்து தங்கும் பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்கும் வெடி வெடிக்காத ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளும் ரைஃபிள் பழகுகிறார்கள், காகிதத்தில். அந்தப் படத்தை எடுத்துவிட்டு ஒரு காகித இலக்கை வையுங்கள்.

பொருளைத் திருப்பி அனுப்புவதற்கான '7 நாள் கடந்துவிட்டது' என்று உங்கள் பதிலின் இறுதியில் இருக்கிறது. பொருள் கைக்கு வந்த ஐந்தாம் நாளே திரை அணைவதைப் படம் பிடித்து அனுப்பினோம். அதற்குப் பதில் வந்தது பதினோராம் நாள். தாமதம் உங்களுடையது. மேலும், குறைபாடுள்ள பொருளையும் தவறான விளம்பரத்தையும் பற்றிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் உரிமைகள் உங்கள் 7 நாள் விதியால் அற்றுப்போவதில்லை. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, இந்தப் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும்.

நாங்கள் கேட்பது: முழுத் தொகை ரூ. 46,800-ஐத் திருப்பித் தர வேண்டும். ஸ்கோப்பை உங்கள் செலவில் காரைக்குடியிலிருந்து எடுத்துச் செல்ல வேண்டும். வேறொரு ஸ்கோப் மாற்றித் தருவதை நாங்கள் ஏற்கமாட்டோம். செல்லின் ஸ்பிரிங்கும் ஜீரோவின் படியும் வடிவமைப்பிலேயே உள்ள குறைகள். அடுத்த பெட்டியிலும் அவையே வரும். விற்பனைப் பக்கத்தில் குறைந்தபட்ச ஃபோகஸ் தூரம், லென்ஸின் உண்மையான பெரிதாக்கம், திரையின் புள்ளி எண்ணிக்கை, ஒரு படியின் உண்மையான அளவு, டார்ச்சோடும் டார்ச் இல்லாமலும் பேட்டரி நேரம், மவுண்டின் வகை ஆகியவற்றைப் போட வேண்டும். முன்வெட்டைத் தாங்கும் என்று சோதித்துப் பார்க்கும் வரை, 'ஸ்பிரிங் ஏர் ரைஃபிளுக்கு ஏற்றது' என்ற வரியை எடுத்துவிட வேண்டும். வேறோர் ஊரில் வேறொரு குழு சேர்த்து வைத்த பணத்தை இதே வரியை நம்பிக் கொடுத்துவிடக் கூடாது.

மாதக் கெடுவுக்குள் பணம் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்வோம். சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனு கொடுப்போம். வைஸ் சோதனையின் கட்டத் தாள்கள், உங்கள் ஐந்து இலக்குத் தாள்கள், பித்தளை வாஷர் எல்லாம் எங்களிடம் பத்திரமாக இருக்கின்றன. உங்கள் தொழில்நுட்பப் பிரிவிலிருந்து யாராவது நேரில் வந்தால், அதே வைஸில் அதே சோதனையை அவர் கண்முன் செய்து காட்டுகிறோம். வளையத்தை அவரே திருப்பிப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
கருவிகள் பொறுப்பாளர்,
ஏர் ரைஃபிள் பயிற்சிக் குழு,
காரைக்குடி.