கடற்கரைச் சாலையில் இறங்கி நிற்க ஓர் இடம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விடுமுறை வந்தால் புதுச்சேரியிலிருந்து கடலூர், சிதம்பரம் வழியாகத் தரங்கம்பாடிக்குக் காரும் வேனும் வரிசை கட்டுகின்றன. வழியில் கழிப்பறைக்குப் பெண்கள் எங்கே இறங்குவது?

போன ஜூனில் நார்வேயில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளைதான் கார் ஓட்டினார். பனியாறு குடைந்த பள்ளத்தாக்குகளில் கடல் ஏறி நிற்கிறது, ஃபியோர்டு என்கிறார்கள். ஆவுர்லாண்டிலிருந்து லார்டாலுக்கு இரண்டு வழி. ஒன்று, 2000-ல் திறந்த 24.5 கிலோமீட்டர் சுரங்கம். ஓட்டுகிறவர் சோர்ந்துவிடாமல் இருக்க நடுநடுவே நீல விளக்குப் போட்ட குகைகள். நாங்கள் போனது மலைமேல் ஏறும் பழைய சாலையில். குளிர்காலத்தில் மூடிவிடுவார்களாம், ஜூனிலும் ஓரத்தில் ஆளுயரப் பனி.

அந்தச் சாலையில் ஸ்டேகஸ்டைன் என்ற இடத்தில், தண்ணீருக்கு 650 மீட்டர் மேலே, மலையை விட்டு 30 மீட்டர் வெளியே நீளும் மரமேடை. முனையில் தடுப்பு வெறும் கண்ணாடிதான். எனக்குக் கால் கூசிப் பாதியிலேயே திரும்பிவிட்டேன். ஆனால் பக்கத்தில் இருந்த கழிப்பறையைப் பார்த்துத்தான் அசந்துபோனேன், அவ்வளவு சுத்தம். இப்படி 18 சாலைகளைத் தேர்ந்தெடுத்து, வண்டி நிறுத்துமிடம் முதல் கழிப்பறை வரை நல்ல கட்டடக் கலைஞர்களை வைத்து அரசே கட்டியிருக்கிறது.

நம்மிடம் பார்க்க என்ன குறை? தேவனாம்பட்டினத்தில் புனித டேவிட் கோட்டையின் இடிபாடு, பரங்கிப்பேட்டை, பிச்சாவரம் சுரபுன்னைக் காடு, அப்புறம் தரங்கம்பாடியில் 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை. அன்றைய டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்தியான்தான் நார்வேக்கும் மன்னர்!

சர்க்கரை நோயுள்ள என் நாத்தனாரோடு சமீபத்தில் அந்தப் பக்கம் போனேன். ஒரு பெட்ரோல் பங்கில் கழிப்பறைக்குப் பூட்டு. "சாவி மேனேஜர்கிட்ட இருக்கும்மா, அவர் சாப்பிடப் போயிருக்கார்" என்றார் பையன். அடுத்த ஓட்டலில், வேண்டாத காபிக்கு ஆர்டர் கொடுத்த பிறகுதான் கொல்லைப்பக்கம் கை காட்டினார்கள்.

கண்ணாடி மேடையெல்லாம் நான் கேட்கவில்லை. தென்பெண்ணை, வெள்ளாறு, கொள்ளிடம் என்று ஆறு கடக்கும் இடங்களில் நாலு கார் நிற்க இடம், புங்கை நிழல், தண்ணீர் வரும் கழிப்பறை போதும். கட்டுவதற்குக்கூடப் பணம் வந்துவிடும். கழுவ ஆள் வைக்கத்தான் மறந்துவிடுகிறார்கள். அந்த வேலையை உள்ளூர் மகளிர் குழுக்களிடம் கொடுத்து, மாதாமாதம் சம்பளமும் தவறாமல் கொடுக்கலாம். பொங்கல் விடுமுறைக்குள் ஒன்றிரண்டு இடத்திலாவது மாவட்ட நிர்வாகம் தொடங்கினால் நல்லது.

– ஓய்வுபெற்ற ஆசிரியை, மஞ்சக்குப்பம், கடலூர்