அம்மாவுக்கு, நெதர்லாந்தின் லைடனிலிருந்து

அன்புள்ள அம்மாவுக்கு,

தம்பி கையால் எழுதி அனுப்பிய கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் போடாமல் இருந்தது என் தப்புதான். போனில் பேசலாமே என்பீர்கள். மேட்டு லயத்துப் பைப்படிக்கு ஏறினால்தானே உங்களுக்குச் சிக்னல் வரும், அங்கே நிற்கிற சனத்துக்கு முன்னால் என்ன பேசுவது?

குளிரைக் கேட்டிருந்தீர்கள். தலவாக்கலைப் பனியில் வளர்ந்தவளுக்கு இது பெரிதில்லை, அதனால் ஹீட்டரை அவ்வளவாகப் போடுவதில்லை. காற்றுதான் மோசம். மறிக்க ஒரு மலை கிடையாது, சைக்கிளோடு ஆளைத் தள்ளுகிறது.

பக்கத்து வீட்டுத் தாத்தா போன ஞாயிறு கோப்பிக்குக் கூப்பிட்டார். பிஸ்கட் டின்னைத் திறந்து நீட்டினார். ஒன்று எடுத்ததும் மூடி, அலமாரியில் வைத்துவிட்டார்! பெரியம்மாவாக இருந்தால் பணிய லயம் வரைக்கும் சொல்லியிருப்பார். நல்ல மனிதர்தான், என் சைக்கிள் செயினை மாட்டித் தந்தவரும் அவர்தான். தேயிலை குடிக்கிற விதத்தை மட்டும் நீங்கள் பார்க்கக் கூடாது. கிளாஸில் சுடுதண்ணீர், பையை இரண்டு முக்கு, அவ்வளவுதான்.

கடைக்கார மாமா என் வேலையைக் கேட்டால் சொல்லத் தெரியவில்லை என்றீர்கள். "கொரோனாவைப் பார்க்கிறாள்" என்றால் போதும். உங்களுக்கு விவரமாகச் சொல்கிறேன். தம்பி, மெதுவாக வாசி.

அந்த வைரசுக்குள் இருப்பது ஆர்என்ஏ என்கிற ஒரே நீளச் சுருள், சுமார் 30,000 எழுத்து. உடம்பின் கலத்துக்குள் போனதும், கலமே அதை வாசித்து அது கேட்கிற புரதங்களைச் செய்து கொடுத்துவிடும். கலத்துக்குள்ளே வலை மாதிரி ஒன்று விரிந்திருக்கும் (தம்பி, உன் புத்தகத்தில் அகமுதலுருச் சிறுவலை என்று வருமே). அந்தப் புரதங்களில் சில, அந்த வலையின் மென்சவ்வை இழுத்து வளைத்து, இரட்டைச் சுவர் வைத்த உருண்டை உருண்டையான காம்பராக்களைக் கட்டும். ஒரு தலைமுடியின் குறுக்கே ஏறக்குறைய 300 காம்பரா அடுக்கலாம், அவ்வளவு சின்னது. அதற்குள்தான் ஆர்என்ஏவுக்கு நகல் எடுக்கிறது. எடுக்கும்போது அது இரட்டை இழையாகும். அதைக் கண்டால் சத்தம் போடக் கலத்துக்குள் காவல்காரப் புரதங்கள் உண்டு. அதற்குத்தான் இந்த ஒளிவு. வீட்டுக்காரன் சுவரைப் பிடுங்கி, அவன் வீட்டுக்குள்ளேயே அறை கட்டி ஒளிகிற கெட்டிக்காரத்தனம்!

சரி, உள்ளே எடுத்த நகல் வெளியே வரவேண்டுமே? பல வருடமாகக் கதவையே காணவில்லை. 2020இல் இதே லைடனில், எலிக்கு வருகிற ஒரு கொரோனாவை வைத்துக் கண்டுபிடித்தார்கள். இரண்டு சுவரையும் துளைத்துக்கொண்டு கிரீடம் மாதிரி ஒரு வாசல், ஆறு பக்கமும் ஒரே அச்சு.

அந்த மாதிரிக் கலங்களை உறையவைத்துப் பத்திரப்படுத்துவதுதான் என் வேலை. திரவ நைட்ரஜன், மைனஸ் 196 பாகை. தொட்டி மூடியைத் திறந்தால் வெள்ளையாக எழும்பி, விளிம்பில் வழிந்து தரையில் பரவும். விடியக்காலைப் பிரட்டுக்களத்துப் பனி அப்படியேதான். நேற்று திறந்தபடி நின்றுவிட்டேன். படங்கைக் கட்டிக்கொண்டு, கூடைக்கயிறு நெற்றியில் இறங்க, நீங்கள் அந்தப் பனிக்குள் போய் மறைகிற மாதிரி இருந்தது. மேற்பார்வைக்கார அம்மா என்னவென்று கேட்டார். கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது என்றேன்.

இன்னொன்று. நகலில் பிழை விழுந்தால் வெட்டித் திருத்த அந்த வைரசிடம் ஒரு புரதமே இருக்கிறது. தோட்டத்துப் பதிவில் உங்கள் பெயரில் ‘ல’வுக்கு ‘வ’ போட்டு வைத்தவருக்கு அதில் கால்வாசிக் கவனமாவது இருந்திருக்கலாம். 50 வயதும் முடிந்துவிட்டது, அந்த ஓர் எழுத்துக்காகச் சேமலாப நிதி கிடைக்காமல் கிடக்கிறது. சத்தியக் கடதாசி முடித்துவிடுங்கள். பிறப்புப் பத்திரத்தின் மூலப்பிரதியைத் தலைவர் கேட்டாலும் கொடுக்க வேண்டாம், போட்டோ காப்பி போதும்.

கூரைத் தகரத்துக்கான காசு இந்த மாதம் கொஞ்சம் பிந்தும். இங்கே வங்கியில் ஏதோ சுணக்கம், வேறொன்றுமில்லை. தைக்குள் அனுப்புகிறேன். அதுவரை இஸ்தோப்புப் பக்கம் படுக்காதீர்கள், அப்பாவுக்கு இருமல் கூடும். சீட்டுக் காசில் கை வைக்க வேண்டாம். அத்தை கொண்டுவந்த சம்பந்தத்தைப் பற்றிப் பிறகு பேசலாம்.

தம்பி, கந்தோருக்குப் போகும்போது அம்மாவோடு நீயும் போ. கையெழுத்துப் போடுகிறதுக்கு முன்னால் அந்தப் பெயரை எழுத்தெழுத்தாக வாசித்துப் பார்.

அன்பு மகள்