ஐந்தரைக் கட்டை மிருதங்கமும் இரண்டு கட்டைப் பாட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மே, ஜூன் வந்துவிட்டால் உங்கள் நாளிதழில் பொறியியல் கலந்தாய்வு, கட்-ஆஃப், எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் என்று தினமும் ஒரு பக்கம் வருகிறது. போன வருஷம் பக்கத்து வீட்டுப் பையனுக்காக அதையெல்லாம் வெட்டி ஒரு நோட்டில் ஒட்டிக் கொடுத்தவள் நான். இந்த வருஷம் என் மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு, இசைக் கல்லூரியில் மிருதங்கம் படிக்கப் போகிறேன் என்றாள். கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வெட்டுவதற்கு ஒரு வரிகூட இல்லை.

நான் கோட்டையூரில் வீட்டிலேயே பலகாரம் செய்து கொடுக்கிறேன். தேன்குழல், சீப்புச் சீடை, மாவுருண்டை, கை முறுக்கு. செட்டியார் வீட்டுக் கல்யாணங்களுக்கும் போகும், சிங்கப்பூர் போகிறவர்கள் பெட்டியிலும் போகும். சங்கீதம் எனக்குத் தெரியாது. மகள் தேன்குழல் பிழிந்துகொண்டே வாயால் கோர்வை சொல்லுவாள், தாளத்துக்குக் கட்டிய சொற்கட்டு அது. ஒரு எழுத்து பிசகினால் அச்சைக் கீழே வைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். அதற்குள் எண்ணெய் புகைந்துவிடும். எனக்குத் தெரிந்த தாளம் அவ்வளவுதான்.

பலகாரம் வாங்க வந்த ஒரு ஆச்சி, "பொம்பளைப் பிள்ளைக்கு மிருதங்கமா? வீணை, கீணைன்னா சரி" என்றார். காரைக்குடி வீணைக்குப் பேர்போன ஊர்தான், சாம்பசிவ ஐயரும் சுப்பராம ஐயரும் வாசித்த ஊர். ஆனால் மிருதங்கத்துக்கும் காரைக்குடி மணி ஐயா இருந்தாரே, 2023-இல்தானே காலமானார். பக்கத்துப் புதுக்கோட்டையில் தட்சிணாமூர்த்தி பிள்ளையிடம் கற்றுக்கொண்டு திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள் மேடையேறி வாசித்தது எங்கள் பாட்டி காலத்துச் சங்கதி. இதெல்லாம் மகளின் வாத்தியார் சொல்லித்தான் எனக்கே தெரியும். ஆச்சியிடம் சொன்னேன். "அப்படியா" என்று அரைக் கிலோ சீடை கூட வாங்கிக்கொண்டு போனார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மூன்று இடங்களுக்கு விண்ணப்பம் போட்டோம். பெயர் சொல்லப்போவதில்லை, அங்கே படிக்கப் போகிற பிள்ளை என் பிள்ளையாகவும் இருக்கலாம். முதல் இடத்திலிருந்து வந்த தகவல் ஒரே வரி: காலை 9.30 மணிக்கு அசல் சான்றிதழ்களுடனும் வாத்தியத்துடனும் வரவும். வைகாசி முகூர்த்த நேரம். ஒரு வீட்டுக்கு முந்நூறு மாவுருண்டை கொடுக்க வேண்டியிருந்தது. உருட்டி முடிக்க ராத்திரி மணி ஒன்று. நாலு மணிக்குக் காரைக்குடியில் பஸ் ஏறினோம். மிருதங்கத்தை உறையோடு மடியில் வைத்திருந்தேன். கண்டக்டர், "என்னம்மா, கைப்பிள்ளை மாதிரி வச்சிருக்கீங்க" என்று சிரித்துவிட்டு லக்கேஜ் டிக்கெட் போடாமல் விட்டார். அவருக்கு நன்றி.

அங்கே வராந்தாவில் நாற்பது பிள்ளைகளாவது இருப்பார்கள். பாடுகிற பிள்ளைகள் ஆளுக்கொரு செல்போனில் தம்புரா போட்டிருந்தார்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுருதியில். வயலின் வைத்திருந்த பையன் மாடிப்படிக்கு அடியில் போய்க் கம்பியைக் காதோடு ஒட்டிவைத்து முறுக்கிக்கொண்டிருந்தான். நாதசுரப் பையன் பாவம், ஊதினால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்களே என்று ஊதுகிற முனையான சீவாளியை மட்டும் வாயில் வைத்து நனைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தான். மிருதங்கத்துக்குச் சுருதி சேர்க்க வேண்டுமானால் விளிம்பில் கல்லால் தட்டியாக வேண்டும். என் மகள் இரண்டு தட்டுத் தட்டியதும் உள்ளேயிருந்து ஒருவர் வந்து, "சத்தம் போடாதீங்க, உள்ளே நடந்துக்கிட்டிருக்கு" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. அப்படியானால் எங்கேதான் தட்டுவது?

மிருதங்கத்தின் இடது பக்கத்தை, தொப்பி என்பார்கள், அப்படியே வாசிக்க முடியாது. ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து நடுவில் அப்பினால்தான் அந்தக் 'கும்' என்ற நாதம் வரும். பொடி ரவையாகச் சலித்து டிபன் டப்பாவில் போட்டுக் கொடுப்பது என் வேலை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அப்பிய ரவை ஈரமாக இருக்கும்வரைதான் பேசும், காய்ந்தால் நாதம் செத்துவிடும். பதினொரு மணிக்கு "அடுத்து நீதாம்மா" என்றார்கள். மகள் ரவையை அப்பினாள். பிறகு வேறு யாரையோ கூப்பிட்டார்கள். அப்புறம் சாப்பாட்டு இடைவேளை. காய்ந்ததைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி அப்பினாள், மறுபடி காய்ந்தது. அவளைக் கூப்பிட்டபோது மணி மூன்று பத்து. மூன்றாவது தடவைக்கு டப்பாவில் இருந்த ரவை பற்றவில்லை.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். உள்ளே வைத்திருந்தார்கள் பெரிய சோதனை. வெறும் மிருதங்கமாக வாசிக்கச் சொல்லவில்லை, ஒருவர் பாடுகிறார், கூட வாசி என்றார்கள். பாடியவர் ஆண், சுருதி இரண்டு கட்டை. சுருதி எவ்வளவு உயரம் என்பதைக் கட்டைக் கணக்கில்தான் சொல்லுவார்கள். என் மகள் வாத்தியார் வீட்டில் வாசிப்பதெல்லாம் பெண் பிள்ளைகள் பாட்டுக்கு. அவள் மிருதங்கம் ஐந்தரைக் கட்டை. கல்லும் மரத்துண்டும் வைத்துத் தட்டி அரைக் கட்டையோ ஒரு கட்டையோ ஏற்றி இறக்கலாம். ஐந்தரையை இரண்டுக்கு இறக்க யாராலும் ஆகாது, அதற்கு நீளமான வேறு மிருதங்கமே வேண்டும். இது எனக்கு அன்று தெரியாது, திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் அழுதுகொண்டே சொன்னதுதான். "வேற மிருதங்கம் கொண்டு வரலையாம்மா?" என்று அன்பாகத்தான் கேட்டார்களாம். இந்த ஒன்றை வாங்கவே அவள் அப்பா சிங்கப்பூரில் ஐந்து மாதம் ஓவர்டைம் பார்த்தார். அந்த அறையிலேயே அலமாரியில் தக்குச் சுருதி, அதாவது தாழ்ந்த சுருதி, மிருதங்கம் இரண்டு இருந்தனவாம், பூட்டி. சாவி வைத்திருப்பவர் அன்று லீவு. கடைசியில் மிஸ்ர சாபு தாளத்தில் ஒரு சின்ன மோரா, முடிப்புக்கு மூன்று தரம் வரும் சொற்கட்டு, வைக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு அனுப்பிவிட்டார்கள். நாலு நிமிஷம் இருக்குமாம்.

பாடியவர் சுருதி இன்னது என்று அந்த ஒற்றை வரியோடு இன்னொரு வரி சேர்த்து எழுதியிருந்தால், வாத்தியாரிடம் கேட்டு ஒரு மிருதங்கம் இரவல் வாங்கிப் போயிருப்போம்.

முடியாத காரியத்தையா கேட்கிறேன் என்றால், இல்லை. இரண்டாவதாகப் போன கல்லூரியில் முன்கூட்டியே ஒரு தாள் அனுப்பினார்கள், சுத்தமான தமிழில். ஆதி, ரூபகம், மிஸ்ர சாபு, கண்ட சாபு என்ற நான்கு தாளத்திலும் கேட்போம். ஒரு கோர்வையை வாயால் சொல்லச் சொல்லுவோம். பாட்டுக்குக் கூட வாசிப்பவர்கள் தங்கள் சுருதியை விண்ணப்பத்திலேயே எழுதவும். நீங்கள் வரவேண்டிய நேரம் 11.40. போனதும் ஒரு அறையைத் திறந்துவிட்டார்கள். ஓட்டை மின்விசிறி, உடைந்த பெஞ்சு, ஆனால் கதவு சாத்தும். கால் மணி நேரம் அவள் ஒருத்தியே உள்ளே இருந்து கல்லைத் தட்டிக்கொண்டிருந்தாள். ஒரு வயதான ஊழியர் எங்களிடம் வந்து, "பெத்தவங்கள்லாம் அந்தப் பக்கம் போய் டீ குடிங்க, இங்கே நின்னு பிள்ளைகளை முறைக்காதீங்க" என்று விரட்டினார். நல்ல மனிதர். ஏசி அறைக்குள் போனால் தோல் மாறிச் சுருதி நகரும் என்று அங்கே கேட்பவர்களுக்கும் தெரிந்திருந்தது. உட்கார்ந்ததும் இரண்டு நிமிஷம் சரிசெய்துகொள் என்று விட்டார்களாம். இதற்கெல்லாம் பெரிய பணம் ஒன்றும் ஆகியிருக்காது.

மூன்றாவது இடத்தில் தப்பு என்னுடையது. அங்கே பெற்றோரையும் உள்ளே கூப்பிட்டார்கள். மகளைப் பார்த்து, "ஏம்மா மிருதங்கம் எடுத்தே?" என்று கேட்டார்கள். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். சின்ன வயதிலிருந்தே ஆர்வம், அவள் அப்பா வெளிநாட்டில், பத்தாம் வகுப்பில் இவ்வளவு மார்க், எல்லாம் கடகடவென்று. அவள் தலை குனிந்துவிட்டது. புதுக்கோட்டை வரும்வரை என்னோடு பேசவில்லை. அந்தக் கேள்விக்கு அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இனிமேல் உள்ளே கூப்பிட்டாலும் போகமாட்டேன்.

ஐயா, எங்கள் கானாடுகாத்தானில் பிறந்த அண்ணாமலைச் செட்டியார் 1929-இல் சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் கண்டவர், இசைக்கென்றே அங்கு கல்லூரியும் வைத்தவர். தமிழிசைக்கு என்று சங்கம் எழுந்ததிலும் அவர் கை உண்டு. அப்படிப்பட்ட ஊர்ப் பிள்ளைக்கு அந்தக் கதவை எப்படித் தட்டுவது என்று சொல்ல ஆளில்லை. அரசு இசைக் கல்லூரிகள் சென்னை, மதுரை, கோவை, திருவையாறு என்று நான்கு ஊரில் இருப்பதும், சென்னையில் இசைக்கென்றே தனிப் பல்கலைக்கழகம் இருப்பதும், மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் சொல்லித் தருவதும் நான் நாலு பேரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது. செய்தித்தாளில் படித்ததில்லை.

அதனால் உங்களிடம் கேட்பது, அடுத்த வருஷம் பிளஸ் டூ முடிவு வருகிற வாரத்தில் அரைப் பக்கம் ஒதுக்குங்கள். எந்தக் கல்லூரி, என்ன பாடம், செய்முறையில் என்ன கேட்பார்கள், எவ்வளவு நேரம், துணைக்கு யார், என்ன சுருதி. கல்லூரிகளிடம் நீங்கள் கேட்டால் சொல்லுவார்கள், பலகாரக்காரி கேட்டால் போனை எடுப்பதில்லை. கல்லூரிக்காரர்கள் இதைப் படித்தால், கதவு சாத்துகிற ஒரு அறையும் அந்த அலமாரிச் சாவியும் போதும்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்ப்பதற்கு முன் மகளிடம் கொடுத்தேன். நான் முதலில் 'ஐந்து கட்டை' என்று எழுதியிருந்தேன். "அம்மா, ஐந்து இல்லை, ஐந்தரை" என்று பேனாவை வாங்கி எல்லா இடத்திலும் அவளே திருத்தினாள். அடித்தல் இருப்பதைப் பொறுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோட்டையூர், சிவகங்கை மாவட்டம்.