முக்திநாத் போகும் மகளுக்கு

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய சாமான் பட்டியலை அம்மாவும் நானும் உட்கார்ந்து படித்தோம். ஐப்பசியில் நேபாளத்தின் அன்னபூர்ணா மலையைச் சுற்றி நடைபயணம். பெசிசஹாரில் ஆரம்பித்து, மனாங் வழியாக தோரோங் லா கணவாய் ஏறி, முக்திநாத்தில் இறங்குவதாக எழுதியிருக்கிறாய். கணவாய் 5416 மீட்டர். நம் ஏற்காடு 1500 மீட்டர்தான். ஆனால் முக்திநாத் என்றதும் அம்மாவுக்குப் பாதி பயம் போய்விட்டது. 108 திவ்ய தேசங்களில் ஒன்றான சாளக்கிராமம் அதுதான் என்று தெருவெல்லாம் சொல்லியாகிவிட்டது. எனக்குக் கவலையெல்லாம் நீ வாங்கப் போவதாக எழுதியிருக்கும் அந்தப் பையைப் பற்றித்தான்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். துணி நல்ல துணி. ஆனால் செவ்வாய்ப்பேட்டைக் கடையில் இத்தனை வருஷம் பை தைத்து, பழுது பார்த்து நான் கண்டது ஒன்று உண்டு. துணி கிழிந்து பழுதுக்கு வரும் பை குறைவு. தோள் நாடா பையோடு சேரும் இடத்தில் தையல் விட்டிருக்கும், இல்லையென்றால் ஜிப் போயிருக்கும், அதுவும் இல்லையென்றால் நாடாவை மாட்டும் பிளாஸ்டிக் லாக் உடைந்திருக்கும். விற்கிறவர்கள் 210 டெனியர், 420 டெனியர் என்று துணியைப் பற்றியே பேசுவார்கள். டெனியர் என்பது 9000 மீட்டர் நூல் எத்தனை கிராம் நிற்கிறது என்ற கணக்கு. நூலின் கனம் அதில் தெரியும், தைத்தவரின் கை தெரியாது.

அதனால் கடைக்கே போ. பையைத் திறந்து உள்பக்கத்தை வெளியே திருப்பிப் பார். தோள் நாடா சேரும் இடத்தில் நெருக்கமாக முன்னும் பின்னும் ஓடிய பார்டேக் தையல் இருக்க வேண்டும். ஒற்றைத் தையல் மட்டும் ஓடியிருந்தால் பையை அங்கேயே வைத்துவிடு. தையலுக்கு வெளியே எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள், அந்த விளிம்பை நாடா வைத்து மூடியிருக்கிறார்களா என்றும் பார். மூடாத விளிம்பு இழை இழையாகப் பிரிந்து கடைசியில் தையலையே தொட்டுவிடும். நூல் நைலானாகவோ பாலியெஸ்டராகவோ இருக்கட்டும். பருத்தி நூல் ஈரத்தில் இற்றுப்போகும்.

ஜிப்பை இழுத்து மூடும் ரன்னரைத் திருப்பினால் பின்னால் பெரும்பாலும் ஒரு எண் இருக்கும். 5 என்றால் சின்னப் பாக்கெட்டுக்குச் சரி. பையின் பெரிய வாய்க்கு 8 அல்லது 10 இருந்தால் நல்லது. ஒய்கேகே என்ற ஜிப் கம்பெனியின் பெயர் பொறித்திருந்தால் சந்தோஷம், ஆனால் அதிலும் போலி வருகிறது. பையை நிரப்பி வைத்து, வளைவுகளில் ஜிப்பைப் பல தடவை வேகமாக இழுத்துப் பார்த்த பிறகே நம்பு.

நாள்பட்ட ஜிப், ரன்னர் கடந்து போன பிறகு பின்னால் பிளந்துகொண்டே வரும். பல் கெட்டுவிட்டது என்று நினைத்து முழு ஜிப்பையும் மாற்றச் சொல்வார்கள். பெரும்பாலும் பல் நன்றாகத்தான் இருக்கும், தேய்ந்து அகன்றது ரன்னர். ரன்னரை ஆரம்ப இடத்துக்குக் கொண்டுபோய், சின்னக் குறடால் அதன் பின்பக்க ஓரத்தை ஒரு பக்கம் மெல்ல அமுக்கு, அப்புறம் மறுபக்கம். இழுத்துப் பார், போதவில்லையென்றால் இன்னும் கொஞ்சம். பல் மறுபடி கவ்வும். அவசரப்பட்டு அழுத்தினால் ரன்னர் உடைந்துவிடும். எவ்வளவு அமுக்கலாம் என்பதை எழுதிப் புரியவைக்க முடியாது. நீ வரும்போது கடையில் பழைய ஜிப் நிறையக் கிடக்கிறது, உன் கையாலேயே செய்து பழகு.

கண்ணு, நான் திரும்பத் திரும்பச் சொல்ல வருவது இதுதான். உன் கையால் சரிசெய்ய முடியாத பொருளை அந்த மலைக்குக் கொண்டு போகாதே. எடை குறைவு என்பதற்காக, தையலே இல்லாமல் ஒட்டியே செய்த பையைக் காட்டுகிறார்கள். ஒட்டு விட்டால் மனாங்கில் உட்கார்ந்து நீ என்ன செய்வாய்? தையல் விட்டால் ஒரு ஊசியும் நூலும் போதும். உன் பாதையில் ராத்தங்கலும் சாப்பாடும் விடுதிகளில் கிடைத்துவிடும், கூடாரமும் அடுப்பும் வேண்டாம். 40 லிட்டர் பை தாராளம். சுமை அவ்வளவு குறையும்போது, பையே அரைக் கிலோ கூடுதலாக இருந்தால் இருக்கட்டும், உறுதியானதை வாங்கு.

அளவும் முக்கியம். தலையைக் குனிந்தால் கழுத்தடியில் ஒரு எலும்பு துருத்தும். அங்கிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு மட்டம் வரை உன் அறைத்தோழியை டேப் பிடிக்கச் சொல். பையின் முதுகு நீளம் அதற்குப் பொருந்த வேண்டும், உன் உயரத்துக்கு அல்ல. இடுப்பு பெல்ட் எலும்பின் மேல் உட்கார்ந்து பாரத்தில் பெரும்பங்கை வாங்கிக்கொள்ள வேண்டும். மழைக்கு மேலே போடும் உறையை மட்டும் நம்பாதே, முதுகுப்பக்கம் வழியும் தண்ணீர் பைக்குள் இறங்கிவிடும். மூட்டைக்கு உள்ளே போடும் தடித்த பாலிதீன் பை நம் பேட்டையில் கிடைக்கும். அதை உள்ளே விரித்து, அதற்குள் துணிமணியை வைத்து, வாயை முறுக்கிவிடு.

அடுத்தது ஷூ. பரண்மேல் இருக்கும் உன் கல்லூரிக் கால பூட்ஸை எடுத்துக்கொள்வதாக எழுதியிருக்கிறாய், வேண்டாம் சாமி. இறக்கிப் பார்த்தேன். மேல்தோல் இன்னும் பளபளப்பாக இருக்கிறது. ஆனால் மேல்தோலுக்கும் அடிப்பாகத்துக்கும் இடையே இருக்கும் நடு அட்டையைக் கட்டைவிரலால் அழுத்தினேன், பொருபொருவென்று உதிர்ந்தது. அது பியூ எனும் பாலியூரித்தேன். போடாமல் சும்மா வைத்திருந்தாலும் காற்றின் ஈரத்திலேயே வருஷக்கணக்கில் சிதைந்துவிடும். ரெயின்கோட்டின் உட்பூச்சு பிசுபிசுவென்று ஒட்டுவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். அதையும் எடுத்துப் பார்த்துவிடு.

புது ஷூவைச் சாயங்காலம் போய் வாங்கு, பகலெல்லாம் நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். நடக்கும்போது போடப் போகும் கம்பளி சாக்ஸையே போட்டுக்கொண்டு போட்டுப் பார். பருத்தி சாக்ஸ் நனைந்தால் காயாது, கொப்புளம் போடும். விரலுக்கு முன்னால் இடம் இருக்க வேண்டும். கணவாயிலிருந்து முக்திநாத்துக்கு ஒரே நாளில் சுமார் 1600 மீட்டர் இறக்கம். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு இருக்கும் உயரத்தைவிட அது அதிகம். நகம் முட்டினால் அன்றைக்கே கறுத்துவிடும். கைத்தடி ஜோடியாக வாங்கு. முறுக்கிப் பூட்டும் ரகத்தைவிட வெளியே நெம்புகோல் வைத்த ரகம் மேல், கையுறையோடும் பூட்டலாம்.

தூங்கும் பையில் இரண்டு மூன்று வெப்பநிலை போட்டிருப்பார்கள். ‘கம்ஃபர்ட்’ என்று இருப்பதை மட்டும் கணக்கில் எடு. ‘எக்ஸ்ட்ரீம்’ என்பது உயிர் தப்பும் எல்லை, தூங்கும் எல்லை அல்ல. தண்ணீர் வடிகட்டியை ராத்திரி தூங்கும் பைக்குள்ளேயே வைத்துக்கொள். உள்ளே இருக்கும் மெல்லிய குழல்களில் தண்ணீர் உறைந்தால் விரிசல் விழும், வெளியே பார்த்தால் தெரியாது. துணைக்குக் குளோரின் மாத்திரை இருக்கட்டும். பவர் பேங்கும் குளிரில் சீக்கிரம் இறங்கும், அதுவும் கூடவே தூங்கட்டும். 20,000 எம்ஏஎச் என்றால் 74 வாட் அவர்தான், விமானத்தின் 100 வாட் அவர் வரம்புக்குள் வந்துவிடும். ஆனால் கைப்பையில்தான் கொண்டு போக வேண்டும்.

பழுதுக்கு வேண்டியதை நான் கட்டித் தருகிறேன்: வளைந்த ஊசி, மெழுகு பூசிய நைலான் நூல், தைக்காமலே மாட்டக்கூடிய லாக் ஒன்று, உன் ஜிப் எண்ணுக்கே பொருந்தும் ரன்னர், கேபிள் டை, தண்ணீர் பாட்டிலைச் சுற்றி ஒட்டிய டேப். எல்லாம் உள்ளங்கைக்குள் அடங்கும்.

இன்னொன்று. 2014 அக்டோபரில் ஹுட்ஹுட் புயல் விசாகப்பட்டினத்தில் கரையேறி, அதன் மிச்சம் நேபாளம் வரை போய் அன்னபூர்ணா பகுதியில் பனியாகக் கொட்டியது. தோரோங் லா பக்கத்திலும் சுற்றுவட்டாரத்திலும் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். நல்ல கோட்டும் நல்ல ஷூவும் இருக்கிறதே என்று அப்படிப்பட்ட வானிலையில் கிளம்பக் கூடாது. வங்கக் கடலில் புயல் என்று செய்தி வந்தால் விடுதியிலேயே இரு. திரும்பும் டிக்கெட்டுக்கு முன்னால் நாலைந்து நாள் சும்மா விட்டு வை. டிக்கெட் மாற்றும் செலவு வந்தால் அப்பா பார்த்துக்கொள்கிறேன்.

ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு நீ வருவாய்தானே. அதற்குள் பையும் ஷூவும் வாங்கிவிடு. நேபாளத்துக்கு எடுத்துப் போகும் அத்தனையையும் அப்படியே அடுக்கிக்கொண்டு வா, செங்கல்லும் அரிசியும் வைத்து எடையை மட்டும் ஒப்பேற்றாதே. கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து பழைய நடைபாதையில் ஏற்காடு ஏறுவோம், நானும் வருகிறேன். சாரல் அடித்தால் ரொம்ப நல்லது. எங்கே நனைகிறது, எந்த நாடா உரசுகிறது என்று மேலே போய்ப் பையைத் திறந்து பார்த்துவிடலாம். திரும்பும்போது இருபது கொண்டை ஊசி வளைவையும் பஸ்ஸில் கடக்கலாம் என்று அம்மா சொல்வாள். நீ ஒத்துக்கொள்ளாதே, இறக்கத்தில்தான் ஷூவின் லட்சணம் தெரியும்.

வரும் தேதியை இந்த வாரமே சொல்லு. அந்தப் பாதை காப்புக்காட்டு வழியாகப் போகிறது, வனத்துறையிடம் முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா