வட்டார நெல் விவசாயிகள் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர், பொருளாளர், வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

நிர்வாகக் குழு ஏழு முறை கூடியது. மண் பரிசோதனை முகாம் ஒன்றும் பயிர்க் காப்பீட்டு விளக்கக் கூட்டம் ஒன்றும் நடந்தன. வாய்க்கால் தூர்வார மனு கொடுத்திருக்கிறோம். வேலை இன்னும் தொடங்கவில்லை. ஜனவரி மழையில் சாய்ந்த சம்பாவுக்கு, செயின் வண்டி (சேற்றிலும் ஓடும் அறுவடை இயந்திரம்) வைத்திருப்பவர்களிடம் சங்கமே பேசி வாடகையை ஒரே அளவாக வைத்தது.

இனி இந்த ஆண்டின் பெரிய வேலை, யார் வயலில் எந்த நாள் நடவு என்று வரிசைப்படுத்தும் நடவு முறைப் பதிவேடு. அது பற்றி வெளியே பலவிதமாகப் பேசப்படுவதால் விவரமாகவே சொல்கிறேன்.

மேட்டூர் அணை 2024-ல் ஜூலை 28-ல்தான் திறந்தது. போர்வெல் வைத்திருப்பவர்கள் குறுவை போட்டார்கள். மற்ற எல்லோரும் தண்ணீர் வந்தபின் ஒரே பத்து நாளில் சம்பாவுக்கு விதை விட்டோம். ஒரே நேரம் விட்ட விதை ஒரே நேரம்தான் நாற்றாகும். ஆகவே செப்டம்பர் கடைசியில் எல்லோருக்கும் அதே வாரம் ஆள் வேண்டியிருந்தது. ஆள் பஞ்சம் என்று நாம் சொல்வதில் பாதி, இப்படி ஒரே நாளில் எல்லோரும் கூப்பிடுவதால் வருவது. இது தெரிந்துதான் ஆகஸ்டிலேயே பதிவேட்டைத் தொடங்கினேன். எத்தனை மா நிலம், என்ன ரகம், விதை விட்ட தேதி, உழவு முடியும் நாள், தண்ணீர் முறை ஆகிய ஐந்தையும் எழுதினால் நடவு நாள் தானாக வந்துவிடும். குறுகிய வயது ரகத்துக்கு நாற்று 22 முதல் 25 நாள், சி.ஆர். 1009 போன்ற நீண்ட வயது ரகத்துக்கு 30 முதல் 35 நாள். ஆகவே நீண்ட ரகக்காரர் ஒரு வாரம் பொறுத்தால், அதே செட் (நடவு ஆட்களின் குழு) இரண்டு வயலையும் முடித்துவிடும்.

முதல் ஒன்பது நாள் முறைப்படி நடந்தது. பத்தாம் நாள் விடியற்காலை, உறுப்பினர்கள் இருவர் தலைக்கு 100 ரூபாய் கூட்டிக் கொடுத்து, வேறொருவருக்குப் பேசியிருந்த செட்டைப் பாலத்தடியிலேயே இறக்கிக்கொண்டார்கள். மறுநாள் எல்லாச் செட்டும் அந்தக் கூலியைக் கேட்டார்கள், கேட்டதில் தவறில்லை. முறை தவறிய மூன்று வயலில் நாற்று 45 நாளைத் தொட்டது. கணு விட்ட நாற்று தூர் கட்டாது. குத்துக்கு நாலைந்தாக வைத்து நட்டார்கள், அதற்கு நாற்றும் போதவில்லை. பதிவேடு என் கையில் இருக்கிறது. எந்தப் பக்கத்தில் முறை உடைந்தது என்பதை யாரும் புரட்டிப் பார்க்கலாம்.

இயந்திர நடவு வந்தால் இந்தத் தொல்லை இல்லை என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2024 குறுவைக்கு அரசு ஏக்கருக்கு 4,000 ரூபாய் மானியம் தந்தது. அப்படியிருந்தும் இயந்திரம் இறங்கிய சில வயல்களில் நடவு சரியில்லை. காரணம் இயந்திரம் அல்ல. காலையில் கேஜ்வீல் (டிராக்டரின் இரும்புச் சக்கரம்) போட்டுச் சேற்றுழவு ஓட்டிவிட்டு மாலையில் நடவு வண்டியை இறக்கினால், நம் களிமண்ணில் வண்டியின் மிதவை சேற்றைத் தள்ளிப் பக்கத்து வரிசையை மூடும். ஒரு நாளாவது சேறு படிய வேண்டும். விரலால் கோடு கிழித்தால் அது மெல்ல மூட வேண்டும், அதுதான் பதம். தண்ணீர் 2 சென்டிமீட்டருக்கு மேல் நிற்கக்கூடாது. வண்டிக்கென்று பாய்போல் வளர்க்கும் பாய் நாற்று 15 முதல் 18 நாளுக்குள் இருக்க வேண்டும். விதை விட்டு விட்டு விழுந்திருந்தால் அந்த இடத்தில் வண்டியின் விரல் வெறும் மண்ணைத்தான் எடுத்து வைக்கும். வண்டி போனபின் மூலைகளுக்கும் நாற்று விழாத பொக்கைக்கும் எப்படியும் இரண்டு பெண்கள் வேண்டும். ஆகவே இயந்திர நடவு நாளையும் பதிவேட்டில் எழுதத்தான் வேண்டும்.

ஆள் பஞ்சத்துக்கு நூறு நாள் வேலையை மட்டும் குறை சொல்வதை நான் ஏற்கவில்லை. 2024–25-ல் அதன் ஊதியம் நாளுக்கு 319 ரூபாய், 2025–26-ல் 336. நடவுக் கூலி அதைவிட அதிகம். ஆனாலும் சேற்றில் குனிந்து நிற்கும் வேலை இது. குடிதண்ணீரும், மழைக்கு ஒதுங்கத் தார்ப்பாயும், அன்றைக்கே கூலியும் உள்ள வயலுக்கு அதே பெண்கள் மறுபடி வருகிறார்கள். நடவு வாரங்களில் ஊராட்சி வேலையைத் தள்ளிவைக்கக் கேட்டு மனு கொடுத்திருக்கிறோம்.

கூலிப் பதிவேட்டில் 'ஆண் ஆள்', 'பெண் ஆள்' என்று பத்தி போடவில்லை. நாற்றுப்பறி, நடவு, களை, வரப்பு வெட்டு, மருந்தடி என்று வேலையின் பெயரில்தான் பத்தி. ஒரே வேலைக்கு ஆணுக்கொரு கூலி பெண்ணுக்கொரு கூலி என்பதை 1976-லேயே சட்டம் தடுத்துவிட்டது. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டது கூலித் தகராறின் தொடர்ச்சியில்தான். மறு ஆண்டே நம் கிழக்குத் தஞ்சைப் பகுதிக்கென்று நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அந்த மண்ணில் இருந்துகொண்டு கூலியை எழுதி வைக்க யோசிக்கக்கூடாது.

டிராக்டர், மின்மோட்டார் வைத்து வேலை வாங்குபவர்கள் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்துக்குள் வருகிறார்கள். கணக்கு இதுதான்: மாத ஊதியத்தில் பாதியை, அதிகபட்சம் 7,500 ரூபாயை, வயதுக்குரிய எண்ணால் பெருக்க வேண்டும். 40 வயதுக்காரர் இறந்தால் அந்த எண் 184.17, தொகை 13,81,275 ரூபாய். டிரெய்லரில் ஆள் ஏற்றிப்போய்க் கவிழ்ந்தால் வண்டி இன்சூரன்ஸ் கை கொடுக்காது. வயலை விற்றுத்தான் கட்ட வேண்டும். தயவுசெய்து டிரெய்லரில் ஆள் ஏற்றாதீர்கள்.

வெளிமாநிலச் செட் வைப்பவர்கள் ஒவ்வொருவரின் ஆதார் நகலையும் வாங்கி, தொழிலாளர் துறை இணையதளத்தில் பதிய வேண்டும். ஆட்களை அழைத்துவரும் ஏஜென்ட்டுக்கு உரிமம் உண்டா என்று பாருங்கள். அவர் கூலியைக் கொடுக்காமல் போனால் நிலத்துக்காரர்தான் கொடுக்க வேண்டும். பணத்தைத் தொழிலாளர் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்குவதே வழி. 14 வயதுக்குட்பட்ட யாரையும் வேலைக்கு வைக்கக்கூடாது. 18 வயது ஆகாதவரிடம் மருந்து டேங்கைக் கொடுப்பதில்லை என்பது நம் சங்கத் தீர்மானம்.

நிலமற்ற தொழிலாளர்களுக்கு விபத்து மரண உதவியை 1 லட்சத்திலிருந்து 2 லட்சமாக உயர்த்துவதாக 2025 மார்ச் மாத வேளாண் பட்ஜெட்டில் அறிவித்திருக்கிறார்கள். நம் வயலுக்கு வருபவர்களிடம் உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டை உண்டா என்று ஒவ்வொருவரும் விசாரித்துச் சொன்னால், மனு எழுதித்தரும் வேலையைச் சங்கம் பார்க்கும்.

112 உறுப்பினர்களில் சந்தா கட்டியவர்கள் 61 பேர். 300 ரூபாய் கொடுக்க முடியாதவர் யாருமில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். வெளியூரில் இருப்பவர்கள் செப்டம்பரில் மட்டும் போன் போட்டு ஆள் கேட்கிறார்கள். கூட்டத்துக்கு அழைத்தால் எடுப்பதில்லை. முறையை உடைத்தவர்கள் இருவரும் இன்று வரவில்லை. வந்திருந்தால் அவர்கள் பக்கத்தையும் கேட்டிருக்கலாம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். பதிவேடு அச்சடித்த செலவாலும் தார்ப்பாய், தண்ணீர் கேன் வாங்கியதாலும் கையிருப்பு சென்ற ஆண்டைவிடக் குறைந்திருக்கிறது. ரசீதுகள் கோப்பில் உள்ளன.

கூட்டத்துக்கு இடம் தந்த பள்ளிக்கும், வேளாண் துறை அலுவலர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும் நன்றி. முதல் ஒன்பது நாளும் சொன்ன நாளில் வந்து இறங்கிய நடவுப் பெண்களுக்குத் தனியாக நன்றி.

மேட்டூர் இவ்வாண்டு, 2025-ல், ஜூன் 12-லேயே திறந்தாயிற்று. குறுவை நாற்றங்கால்கள் பச்சை கட்டிவிட்டன. பதிவேட்டை இந்த ஆண்டும் நடத்த நான் தயார். வேறொருவர் முன்வந்தால் மனநிறைவோடு கொடுத்துவிடுகிறேன். யார் நடத்தினாலும், பேசிய கூலியை நடவு முடியும்வரை யாரும் கூட்டுவதில்லை என்று இன்று தீர்மானம் போட்டாக வேண்டும். புதிய நோட்டு வாசல் மேசையில் இருக்கிறது. விதை விட்ட தேதியையும் மா கணக்கையும் எழுதிவிட்டு, சந்தா பாக்கி உள்ளவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் பொருளாளரிடம் ரசீது வாங்கிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்