நம்ம தமிழ் சங்கம், யாங்கூன்: செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் பெரியவங்களுக்கும் உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். பொங்கல் நல்லபடியா நடந்துச்சு, தமிழ் எழுத்து வகுப்பு விடாம நடக்குது, நூலகத்துல ரெண்டு அலமாரியக் கறையான் அரிச்சிடுச்சு, புதுசு வாங்கின கணக்கப் பொருளாளர் சொல்வாரு. நான் அதிகமா சொல்ல ஆசப்படறது ஞாயித்துக்கிழமை அறிவியல் வகுப்பப் பத்திதான்.

இந்த வருஷம் எடுத்துக்கிட்டது, சக்தி கம்மியான எலக்ட்ரான் சின்ன மூலக்கூறுகள எப்படி உடைக்குதுங்கற விஷயம். பரீட்சைக்கு வராததப் பிள்ளைங்களுக்கு எதுக்கு சொல்லித் தரணும்னு கமிட்டியில கேட்டாங்க, கேட்டதுல தப்பில்ல. ஆனா கேன்சருக்கு கரண்ட் வைக்கிறாங்களே, அதான் கதிர் சிகிச்சை, நம்ம குடும்பங்கள்லயே வச்சவங்க இருக்காங்க, அந்தக் கதிர் உடம்புக்குள்ள விடற ஒவ்வொரு 10 லட்சம் எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் ஏறக்குறைய 40,000 எலக்ட்ரான் கிளம்புது, அதுல பெரும்பாலானது 20 எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழதான் (இது எலக்ட்ரான் மாதிரி சின்னதுங்களோட சக்திய அளக்கற அளவு, இனிமே சுருக்கமா வோல்ட்னு சொல்றேன்), அதுங்க உள்ள என்ன பண்ணுதுன்னு நம்ம பிள்ளைங்க தெரிஞ்சுக்கணும்னு நான் நெனைக்கிறேன்.

தண்ணி மூலக்கூறுல இருந்து ஒரு எலக்ட்ரானத் தட்டி வெளிய எடுக்க 12.6 எலக்ட்ரான் வோல்ட் வேணும். அந்த மாதிரி சக்தி இருந்தாத்தான் பெரிய சேதம் வரும்னு ரொம்ப நாளா நெனச்சுக்கிட்டு இருந்தாங்க. 2000ல கனடா ஷெர்புரூக்ல லியோன் சான்ஷ்ங்கற விஞ்ஞானியோட குழு 3லேர்ந்து 20 வோல்ட் எலக்ட்ரான டிஎன்ஏ மேல விட்டுப் பாத்தாங்க, அவ்வளவு கம்மியிலயே இழை அறுந்துச்சு. எலக்ட்ரான் போய் மூலக்கூறுல ஒட்டிக்குது, அந்த மூலக்கூறு கொஞ்ச நேரம் நெகட்டிவ் அயனியா, அதாவது ஒரு எலக்ட்ரான் கூடுதலா வச்சுக்கிட்டு நிக்குது, அந்த நேரம் ஒரு வினாடியில லட்சம் கோடியில ஒரு பங்குக்கும் கம்மியாக்கூட இருக்கும், அதுக்குள்ள எலக்ட்ரான் திரும்ப ஓடிடலாம், இல்லன்னா அணுக்களச் சேத்து வச்சிருக்கற பிணைப்பு இழுபட்டு அறுந்துடலாம். எல்லா சக்தியிலயும் இது நடக்காது, தண்ணியில ஹைட்ரஜன் நெகட்டிவ் அயனி அதிகமா வர்றது 6.5 வோல்ட் பக்கம்தான்.

ஒரு வகுப்புல பத்தாவது படிக்கற பொண்ணு எழுந்து, "சார், வேகமே இல்லாத எலக்ட்ரான் எப்படி சார் உடைக்கும்?"னு கேட்டா. கார்பன் டெட்ராகுளோரைடுல ஒரு குளோரினப் பிரிக்க ஏறக்குறைய 3 வோல்ட் போதும், குளோரின் ஒரு எலக்ட்ரானப் பிடிச்சா 3.6 வோல்ட் சக்தி வெளிய வருது, அதனால வேகம் இல்லாம வந்தாலும் உடையும்னு சார் போர்டுல எழுதிக் காட்டினாரு. அவளே மார்க்கர வாங்கி ஹைட்ரஜன் குளோரைடுக்குப் பிணைப்பு 4.4, அதுல 3.6 கழிச்சா 0.8, அப்ப இதுக்குக் கொஞ்சம் வேகம் வேணும் சார்னு எழுதினா பாருங்க, அன்னைக்கு எனக்கு வந்த சந்தோஷம் வேற எந்த விழாவுலயும் வரல.

1957ல ஜேம்ஸ் லவ்லாக்ங்கற விஞ்ஞானி செஞ்ச கருவியும் குளோரின் இருக்கற பொருளுங்க எலக்ட்ரானப் பிடிக்கறத வச்சுத்தான் வேல செய்யுது, பூச்சிமருந்து மிச்சத்தக் கண்டுபிடிக்க உதவுச்சு. காய்கறி யாவாரம் பண்ற நம்ம உறுப்பினர்கள் அத ரொம்ப ஆர்வமா கேட்டாங்க.

சாயங்காலம் கரண்ட் போயிடறதால வகுப்பக் காலையில 9 மணிக்கு மாத்தணும், அடுத்த வருஷம் வகுப்புல கார்பன் டை ஆக்சைடப் பாடமா எடுக்கணும், இந்த ரெண்டுக்கும் பொதுக்குழு ஒப்புதல் கேக்கறேன். போர்டு ரொம்ப பழசாயிடுச்சு, யாராவது ஒண்ணு வாங்கித் தந்தா நல்லாருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்